அக்காவுக்கு மட்டும் ஒரு கண் பிரஷ்

“ஒரே பிரஷ்ஷுல பன்னண்டு பேரும் கண்ணு எழுதிக்கினோம். சாதி பாத்தமா, மதம் பாத்தமா?” என்று எங்கள் பழைய செக்ரட்டரி மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது பொன்னேரி கல்யாண மண்டபமே கைதட்டியது. ஆலை நாடக மன்றத்தில் அந்தக் காலத்தில் நடித்தவர்களைத் தேடிப்பிடித்து, ஆளுக்கொரு சால்வை போர்த்தி, மதியம் சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. நானும் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பிரஷ்ஷைச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிரஷ்ஷை எனக்குத் தெரியும். காம்பில் சிவப்பு நூல் சுற்றிய மெல்லிய பிரஷ். அதே மேக்கப் பெட்டியில் இன்னொரு பிரஷ் இருந்ததும் எனக்குத் தெரியும். அது தனியாக ஒரு தகரச் சோப்பு டப்பாவுக்குள் கிடக்கும். அது அக்காவுக்கு மட்டும். செக்ரட்டரி சொன்ன பன்னிரண்டு பேரில் அக்கா இல்லை. கைதட்டிய கூட்டத்தில் ஒருவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல. எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்களுக்கு இடையே ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் என்னோடு நாடகத்துக்கு வந்தவள். எங்களைக் கூப்பிட்ட ஆலையில் மனமகிழ் மன்றம் என்று ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் நாடகம் போடுவார்கள். ஆண் வேஷமெல்லாம் ஆலைக்காரர்களே கட்டுவார்கள். ஃபிட்டர் கதாநாயகன், டைம் ஆபீஸ் குமாஸ்தா வில்லன். பெண் வேஷத்துக்கு மட்டும் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்ப மாட்டார்கள். கூலிக்கு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். மேடையில் எங்களைப் பார்த்துத் தெய்வமே என்று வசனம் பேசிவிட்டு, மறுநாள் டீக்கடையில் எங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். என் அப்பா ஆர்மோனியம் வாசித்தவர். அவர் போன பிறகு அம்மாவையும் தம்பிகளையும் காப்பாற்ற, பத்தொன்பது வயதில் நான் முகத்தில் பவுடர் பூசினேன். அக்காவுக்கு என்னைவிட எட்டொன்பது வயது கூட இருக்கும். நான் பொன்னேரி ஊருக்குள். அவள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், காலனியில். அவளைப் பெற்றவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஒத்திகை நாட்களில் இரண்டு பேரும் ஒரே பாசஞ்சரில் ஏறி, ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைத் தின்றுகொண்டு போவோம்.

அக்காவுக்கு வாய் அதிகம். கோபம் அதைவிட அதிகம். “இன்னாடி, வசனத்த வாய்லயே வெச்சி மென்னுக்கினு கீற? வெளிய துப்புடி” என்று மேடையிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவாள், பார்க்கிறவர்களுக்கு அவள் என்னைக் கொஞ்சுவது போலத் தெரியும். கண்ணாடியைக் கண்டால் ஒரு நிமிடம் நிற்காமல் நகர மாட்டாள். கண்தான் காரணம். கறுத்த முகத்தில் அந்த இரண்டு கண்ணும், கடைசி வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருப்பவனைக்கூட எழுப்பி உட்கார வைக்கும். இருந்தும் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வேலைக்காரி வேஷம், அம்மா வேஷம், குடும்பத்தைக் கெடுக்க வரும் கெட்டவள் வேஷம். இருபத்தெட்டு வயதில், நாற்பது தாண்டிய ஃபிட்டருக்குத் தாயாக நின்று கண்ணீர் விட்டாள். கதாநாயகி மெட்ராஸிலிருந்து டாக்சியில் வந்து இறங்குவாள். “ஒரே ஒரு தபா ஈரோயினா நின்னுட்டா போதும்டி. அப்புறம் எல்லா கம்பெனிக்காரனும் அதுக்கே கூப்டுவான்” என்று ரயிலில் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மேக்கப் போடும் இடம் ஆலை கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சாமான் அறை. அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. மேக்கப் அண்ணன் திருவள்ளூர்க்காரர். பகலில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். நாடகம் இருந்தால் முகம் எழுதுவார். யாருக்கு முதலில் போடுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அது நாடகத்தில் வரும் வரிசை அல்ல, ஆலையில் உள்ள பதவி வரிசை. ஃபோர்மேன் ஒரே ஒரு காட்சியில் போஸ்ட்மேனாக வந்து போனாலும் அவருக்குத்தான் முதல் நாற்காலி. பெண்கள் நாங்கள் கடைசி. அப்போதெல்லாம் ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் இமை மேல் கொஞ்சம் நீலம் தீட்டுவார்கள். இப்போது ஐ ஷேடோ என்கிறார்கள், நாங்கள் கண் கலர் என்போம். அந்த நீலத்தைத் தீட்டவும் ஓரத்தில் மை இழுக்கவும் அண்ணனிடம் இருந்தது சிவப்பு நூல் சுற்றிய அந்த ஒரு பிரஷ்தான். ஒருவருக்கு முடிந்ததும் அதைத் துணியில் துடைப்பார். பிறகு நுனியை உதட்டுக்கு நடுவில் வைத்து ஈரம் செய்து, கூராக்கி, அடுத்தவர் கண்ணுக்குப் போவார். போர்டு எழுதுகிறவர்கள் பலரிடம் அந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் அந்தப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவார். சோப்பு டப்பாவைத் திறந்து வேறு பிரஷ்ஷை எடுப்பார். அதை வாயில் வைக்க மாட்டார். ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்து, விளிம்பில் வழித்துக் கூராக்குவார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறாமை. எச்சில் படாத பிரஷ், தனி டப்பா, தனித் தண்ணீர்! அக்காவின் கண் அழகுக்கு அவர் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வயதில் மூத்த நடிகை, அதனால் ஒரு தனிக் கவனிப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஓரிரு வருடம் இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் இன்று நம்ப மாட்டார்கள். ஊருக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த மடத்தனம் சுலபமாக வாய்க்கும். வலி நமக்கு இல்லை என்றால் கண்ணெதிரே நடப்பதுகூட மரியாதையாகத்தான் தெரியும்.

ஒரு பொங்கல் நாடகத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அக்காவுக்கு வெச்சிருக்கிற மாதிரி எனக்கும் ஒரு தனி பிரஷ்ஷு வையேன்” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, “உனக்கு எதுக்கு தங்கச்சி தனி பிரஷ்ஷு? நீ நம்ம ஜனம். உன் கண்ணுல வெச்சத நான் வாய்ல வெக்க மாட்டனா?” என்றார். அதைவிடப் பிரியமாக ஒரு அண்ணன் பேச முடியாது. கேட்டுக்கொண்டிருந்த ஃபோர்மேனும் சிரித்தார். அக்கா எங்களுக்குப் பின்னால் நின்று கொண்டை ஊசி செருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அது துளியும் மாறவில்லை. எனக்குத்தான் முகத்தில் பூசிய பவுடருக்கு உள்ளே வேர்த்துக் கொட்டியது.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளே பேச்சை எடுத்தாள். “மொத நாடகத்துலயே தெரியும்டி. நீதான் லேட்டு.” பின்னே ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். “கேட்டா? அடுத்த நாடகத்துக்கு உங்க அப்பாவா வந்து கூப்டுவாரு?” என்றாள். பிறகு, “தனியா வெச்சான், சரி. நல்ல பிரஷ்ஷா வெக்கக் கூடாது? அவன் பிரஷ்ஷு தேஞ்சி போனா அத எனக்குத் தள்றான். முடியெல்லாம் உதுந்து, அதக் கவ்விக்கினு இருக்கிற தகரம் கண்ணுல குத்துது” என்று கீழிமையை இழுத்துக் காட்டினாள். வெள்ளை விழியில் ஒரு சிவப்புக் கீறல் இருந்தது. கோபம் தகரத்தின் மேல்தான் என்பது போல அவள் பேசினாள். நான் அதை நம்பவில்லை. அவளும் நான் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை நாடகத்துக்கு மெட்ராஸ் கதாநாயகி கேட்ட தொகை மன்றத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. “இந்த தபா நம்ம பொண்ணே பண்ணட்டுமே” என்று செக்ரட்டரி அக்காவைக் காட்டினார். டீச்சர் வேஷம். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை மேடையில் நிற்கிற வேஷம். அக்கா அன்று ரயில் நிலையம்வரை நடக்கவில்லை, ஓடினாள். மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு பொன்னேரி பஜாருக்குப் போனாள். பெயிண்டும் பள்ளிக்கூடச் சாமானும் விற்கிற கடை. “ஈரோயின் கண்ணு, ஒதுக்கித் தள்ன பிரஷ்ஷுல எழுதறதுக்கு இல்ல” என்றாள். கடைக்காரர் ஆந்திராப் பக்கத்து மனிதர். முதலில் அவர் எடுத்துப் போட்டது பன்றி முடி பிரஷ். “இது கதவுக்கு அடிக்கிறதுய்யா, நான் கண்ணுக்குக் கேட்டேன்” என்று அக்கா தள்ளிவிட்டாள். கண்ணுக்கு என்னத்துக்குப் பிரஷ் என்று அவருக்குப் புரியவில்லை. படம் வரைகிற பிள்ளைகள் வாங்கும் மெல்லிய முடிப் பிரஷ்களைக் கட்டோடு இறக்கச் சொன்னாள்.

ஒவ்வொன்றாக எடுத்து முடியைக் கிள்ளி இழுப்பாள். ஒரு முடி கையோடு வந்தாலும் அந்தப் பிரஷ் போச்சு. புறங்கையில் வைத்து வளைப்பாள். நிமிராமல் படுத்தே கிடந்தால் அதுவும் போச்சு. தப்பித்ததை எடுத்து, ஒரு கண்ணை மூடி, இமை மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். “கைக்கு மெத்துனு இருக்கிறது இமைக்கு முள்ளாட்டம் இருக்கும்டி. இமையில வெச்சாத்தான் தெரியும்” என்று என் இமையிலும் இழுத்துக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். நாக்கைப் போல தட்டையாக ஒன்று, நீலத்தை இமை முழுக்கப் படர விடுவதற்கு. நுனி மெல்லியதாக ஒன்று, மைக்கோட்டுக்கு. மூன்றாவதுக்குத்தான் நேரம் போனது. குண்டாக, பஞ்சு போல இருக்க வேண்டும். தீட்டிய நீலத்தின் ஓரத்தை அதைக்கொண்டு கலைத்துவிட வேண்டும். “நீலம் எங்க முடிஞ்சுதுன்னு தெரியக் கூடாது. கோடு போட்டாப்புல நின்னுச்சுன்னா அது கண்ணு இல்ல, கடை போர்டு” என்று மேக்கப் அண்ணனுக்கு அங்கிருந்தே ஒரு குத்து விட்டாள்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏம்மா, டப்பு குடுத்துட்டு கண்ணுல வெய்யி. நீ வெச்சத அப்புறம் ஆரு வாங்குவா?” என்றார். எனக்குத் திக்கென்றது. அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். “ஏன், என் கண்ணுல வெச்சத ஆரும் வாங்க மாட்டாங்களா?” என்று நிதானமாகக் கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. “ஆரு கண்ணுல வெச்சாலும் வாங்க மாட்டாங்கம்மா! எங்கம்மா கண்ணுல வெச்சாக்கூட வாங்க மாட்டாங்க” என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோருக்கும் பொதுவாகத் திட்டு வாங்கியதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பேரம்கூடப் பேசாமல் மூன்றையும் வாங்கிக்கொண்டாள்.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு, வேஷம் கட்டி மேக்கப் போட்டு முழு ஒத்திகை. அக்கா நாற்காலிக்குப் போகவில்லை. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை வைத்துத் தானே கண் எழுதிக்கொண்டாள். எனக்கும் எழுது என்று அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். “உன் ஊட்டுல தெரிஞ்சா உங்கம்மா இன்னா சொல்லும்?” என்று கேட்டாள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்றேன். பிரஷ்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, உதறித் துடைத்துவிட்டு என் கண்ணில் வைத்தாள். இமையில் ஏதோ ஊர்வது போலக்கூடத் தெரியவில்லை, அவ்வளவு மெத்து. மேக்கப் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செக்ரட்டரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். செக்ரட்டரி வந்து இடுப்பில் கை வைத்து நின்று, “ஏம்மா, எங்க பிரஷ்ஷு உனக்குத் தீட்டாயிடுச்சா?” என்று அக்காவிடம் கேட்டார். எந்த வாய் எந்த வார்த்தையைக் கேட்டது என்று பாருங்கள். சோப்பு டப்பாவை அத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்! அக்கா என் மறு கண்ணை எழுதினாள்.

ஒத்திகை முடிந்த இரண்டு மூன்று நாளில் ஃபோர்மேனுக்குக் கண் சிவந்தது. அடுத்து ஃபிட்டருக்கு, அடுத்து குமாஸ்தாவுக்கு. மெட்ராஸ் ஐ. நாற்காலியில் உட்கார்ந்த வரிசையிலேயே வந்தது போல, வேஷம் கட்டிய ஆண்கள் எல்லோருக்கும் கண் வீங்கிப் பீளை தள்ளிவிட்டது. பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்கிய அண்ணனுக்கும் வந்தது. எங்கள் இருவருக்கு மட்டும் வரவில்லை. காரணம் புரிய டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் மன்றம் கேன்டீனில் கூடி என்ன கேட்டது தெரியுமா? “எல்லாருக்கும் வந்துகீது, உனக்கு மட்டும் ஏன் வரல?” நோய் வந்தவர்களை விட்டுவிட்டு, வராதவளை நிற்க வைத்து விசாரணை. “என் பிரஷ்ஷு என் கண்ணோட நின்னுச்சு. உங்க பிரஷ்ஷு எல்லார் கண்ணையும் சுத்திக்கினு வந்துச்சு. அவ்ளோதான்” என்றாள் அக்கா. குமாஸ்தா துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே, இவள் கண் பட்டுத்தான் எல்லோருக்கும் இப்படி ஆனது, ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்றார். எனக்கும்தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

டீச்சர் வேஷத்தை அக்காவிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுப்பதாக முடிவு செய்தார்கள். “அக்கா வேசம் அக்காவுக்கு. நான் மாட்டேன்” என்றேன். வீரம் எல்லாம் இல்லை. சொல்லிவிட்டு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்படியானால் நீயும் வர வேண்டாம் என்றார்கள். சரி என்று இரண்டு பேரும் வந்துவிட்டோம். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கேட்ட தொகையைத் தருவதாகச் சொல்லி மெட்ராஸ் நடிகையைக் கூப்பிடப் போனவர்களின் கண்ணைப் பார்த்ததும், அந்தம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். கண்ணை நம்பிப் பிழைப்பவர், பாவம். நாடகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் செக்ரட்டரி சைக்கிளை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு ரயில்வே கேட்வரை வந்தவர், அங்கே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டார். “நீ போய்க் கூட்டிக்கினு வாம்மா, நான் இங்கயே நிக்கிறேன்” என்றார். கேட் திறந்துதான் இருந்தது.

நான் போய் விஷயத்தைச் சொன்னபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “கேட்டுக்கு இந்தப் பக்கம் வர மாட்டாராமா?” என்று மட்டும் கேட்டாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, “வர்றேன்னு சொல்லு. அவருக்காக இல்ல. வேசம் என்னுது” என்றாள். வராதே என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. கெஞ்சட்டும், நாடகம் நின்று நாறட்டும் என்று நினைத்தேன். அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். “நின்னுபோனா அவுங்க அடுத்த வருசம் வேற நாடகம் போடுவாங்க. எனக்கு இந்த வேசம் மறுபடியும் வருமாடி?”

நாடகத்தன்று கதாநாயகி என்பதால் முதல் நாற்காலியை அக்காவுக்கே கொடுத்தார்கள். அறை முழுக்கச் சிவந்த கண்கள். அவள் தன் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து மேக்கப் அண்ணனிடம் நீட்டினாள். “நீயே எழுதுண்ணே. எல்லாருக்கும் எழுதற மாதிரி எழுது” என்றாள். அவர் பழக்கத்தில் டம்ளரைப் பார்த்துக் கையைக் கொண்டுபோனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி வேணாம். ஃபோர்மேனுக்கு எப்டி கூர் பண்ணுவ? அப்டி பண்ணு.” “எனக்கே கண்ணு சரியில்லம்மா, உனக்கும் ஒட்டிக்கும்” என்றார் அவர். “ஒட்டட்டும். இத்தினி வருசமா எனக்கு ஒட்டிக்கும்னா தண்ணில வெச்ச?” செக்ரட்டரி பதறிக்கொண்டு வந்தார். “இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? மேனேஜர் வந்து ஒக்காந்துக்கினாரு. நாடகம் முடியட்டும், பேசிக்கலாம்” என்றார். “அவரு ஒக்காந்துக்கினு இருக்கட்டும். நானும் ஒக்காந்துக்கினுதான் கீறேன்” என்றாள் அக்கா. அண்ணன் பிரஷ்ஷை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை போனது, உதடு திறக்கவில்லை. பிசின் வைத்து ஒட்டியது போல மூடியே இருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர், என் தம்பிக்கு வேலை தேடிக் கொடுத்தவர். ஆனாலும் அந்த உதடு திறக்கவில்லை. பிரஷ்ஷை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்கா அதை எடுத்து, கண்ணாடியைப் பக்கத்தில் இழுத்து, தானே கண் எழுதிக்கொண்டாள். தட்டைப் பிரஷ்ஷால் நீலம், குண்டுப் பிரஷ்ஷால் ஓரம், மெல்லியதால் மை. கேன்டீன் மைதானத்தில் போட்ட மேடைக்கு முன்னால் அன்று எள் போட்டால் விழாத கூட்டம். ஓரத்தில், வேலிக்கு அப்பால் காலனி ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அக்கா முதல் காட்சியில் திரும்பிப் பார்த்தபோது அந்த வேலிப் பக்கம்தான் முதலில் விசில் வந்தது. பிறகு மைதானம் முழுக்க வந்தது. ஒரு வசனம் தவறவில்லை, ஒரு இடத்தில் குரல் பிசிறவில்லை. கடைசியில் மேனேஜர் மேடையேறிச் சிறந்த நடிப்புக்கான கோப்பையை ஃபிட்டர் கையில் கொடுத்தார். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை கண்ணில் நீர் வற்றாமல் உருக்கமாக நடித்தாராம்! அது மெட்ராஸ் ஐக்குக் கிடைத்த கோப்பை என்று நான் சொன்னபோது அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதிய கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அக்காவை அங்கே கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவள், மேக்கப் அறையில் ரகளை செய்கிறவள் என்று மீஞ்சூர்வரைக்கும் மன்றத்துக்கு மன்றம் பேச்சுப் போய்விட்டது. ஒரு தடவை கதாநாயகியாக நின்றுவிட்டால் எல்லோரும் கூப்பிடுவார்கள் என்றவளை, நின்ற பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஆலைகளுக்குக் கலவை சுமக்கப் போனாள். நானும் இன்னும் ஓரிரு வருடம் வேறு இடங்களில் நடித்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தேன். அக்கா இன்றும் அதே காலனியில்தான் இருக்கிறாள். அந்தச் சால்வை விழாவுக்கு ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்று முன்கூட்டியே கேட்டேன். விலாசம் கிடைக்கவில்லை என்றார்கள். விலாசம் கிடைக்கவில்லையாம்! சைக்கிளில் வந்து ரயில்வே கேட்டில் காலை ஊன்றி நின்றவருக்கு விலாசம் கிடைக்கவில்லை.

செக்ரட்டரிக்கு அடுத்து என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “ரெண்டு பிரஷ் இருந்துச்சு சார்” என்று ஆரம்பித்தேன். சோப்பு டப்பாவைச் சொன்னேன். தண்ணீர் டம்ளரைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த மேக்கப் அண்ணன், வயதாகிக் கூன் விழுந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். செக்ரட்டரி எழுந்து என் காதருகே வந்து, “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, நல்ல நாளும் அதுவுமா?” என்றார். “அக்கா கேட்டப்பவும் இப்ப எதுக்குன்னீங்க. நாடகம் முடியட்டும்னீங்க. முடிஞ்சி எத்தினி வருசமாவுது? எப்பப் பேசலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, சாப்பாடு தயாராகிவிட்டது, எல்லோரும் வரலாம் என்று கைகாட்டினார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பாதிப் பேர் எழுந்து பந்திக்குப் போனார்கள். நான் மைக்கை விடவில்லை. போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அந்த ஆயுத பூஜை நாடகத்தின் கதாநாயகி யார் என்று அக்காவின் பெயரைச் சொன்னேன். காதில் விழாதவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னேன்.